கேரவன் பேருந்தில் பழனி மலை ஏறி இறங்குவோருக்கு

மலையடிவார ஊரான வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழனி மலைத்தொடரின் மேலுள்ள கொடைக்கானல் ஏறத்தாழ 2,130 மீட்டர். இடையிலுள்ள 1,800 மீட்டரை ஒன்பது டன் எடையுள்ள பேருந்து ஒன்று இறங்கும்போது அதன் எடை வெளியிடும் ஆற்றலை நம் வீட்டு மின்கணக்கில் சொன்னால் 44 யூனிட் வருகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஒன்றை 44 மணி நேரம் அணைக்காமல் வைத்திருந்தால் உண்டாகும் வெப்பம் அது. அவ்வளவும் இரண்டரை மணி நேரத்துக்குள் எங்காவது போய்த் தீர வேண்டும். இன்ஜினும் காற்றும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதெல்லாம் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மில்தான் இறங்கும்.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக மாற்றிய பேருந்தில் முதன்முறையாகப் பழனி மலைக்கு வர விரும்புகிறவர்கள், வண்டி ஏறுமா என்றே என்னிடம் கேட்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள பேருந்து மெதுவாகவாவது ஏறிவிடும். ஏறாவிட்டால் ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் அந்தச் சலுகை இல்லை. எந்த வண்டியை வாங்குவது, தொட்டியை எங்கே வைப்பது, எந்த நாளில் புறப்படுவது, எங்கே இரவு தங்குவது என்ற முடிவுகளை எல்லாம் திரும்பி இறங்கும் நாளை மனத்தில் வைத்துக்கொண்டு எடுப்பவர்களுக்கு இந்த மலை நல்ல மலை. பின்வரும் படிகளை நான் அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

பழனி மலைக்கு வரும் கேரவன் ஒன்பது மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பது என் கருத்து. பன்னிரண்டு மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள வாகனங்கள் கொடைக்கானல் மலைச்சாலையில் செல்வதைத் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் 2024 நவம்பரில் தடை செய்தது. அதனால் பதினொரு மீட்டர் வண்டிக்குத் தடையில்லை என்று ஆகிறதே தவிர, அது கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்பும் என்று ஆகவில்லை. வண்டியைப் பார்க்கப் போகும்போது மொத்த நீளத்தை மட்டும் அளக்காமல், முன் அச்சிலிருந்து பின் அச்சு வரையுள்ள தொலைவையும், பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். பின்னால் நீளும் பகுதி அச்சுகளின் இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. மலையில் இதற்குக் கண்ணால் காணும் விளக்கம் உண்டு: நீங்கள் இடப்பக்கம் ஒடிக்கும்போது வண்டியின் வால் வலப்பக்கம் வீசி, எதிரே நிற்கும் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போகும். மேலே சூரியத் தகடு பொருத்தியிருந்தால் உயரத்தையும் அளந்து, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டிவிடுங்கள். மலைக்கிராமங்களில் சாலைக்குக் குறுக்கே போகும் வீட்டு மின்கம்பிகள் யாருடைய அளவுக்கும் கட்டப்பட்டவையல்ல.

கழித்துக் கட்டிய அரசுப் பேருந்தை ஏலத்தில் எடுத்து வீடாக்கலாம் என்ற ஆசை பலருக்கும் வருகிறது, எனக்கும் வந்தது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது என்பதால் அவை காயலான் கடைக்கே உரியவை. பள்ளிக்கூடத்துக்கோ தொழிற்சாலைக்கோ ஓடிய தனியார் பேருந்துதான் சரியான வழி. குறைந்த தூரம் ஓடியிருக்கும், நீளமும் அளவாக இருக்கும்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன்பே வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், என்ன மாற்றலாம், எப்படிப் பதிவு செய்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை முடிந்தபின் போனால் கழற்றச் சொல்வார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் என்ற வகை இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்றுதான் அவர்கள் அதைக் கவனிப்பார்கள். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டிய வண்டிக்குக் கார் ஓட்டும் உரிமம் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனரக உரிமம் புதிதாக வாங்கியவர், அரசுப் பேருந்திலோ சுற்றுலாப் பேருந்திலோ மலையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநர் ஒருவரை முதல் பயணத்துக்கு உடன் அழைத்து வருவது நல்லது. அந்தக் கூலி வீண்செலவல்ல.

எடையும் அது இருக்கும் இடமும்

என் வண்டியின் முதல் தண்ணீர்த் தொட்டியைச் சமவெளி ஊர் ஒன்றில் உள்ள பட்டறையில் பொருத்தினார்கள். 400 லிட்டர் தொட்டியைப் பின் அச்சுக்கும் பின்னால், இடப்பக்க ஓரத்தில் வைத்து, அதற்குத் தோதாகச் சமையல் மேடையையும் பேட்டரிகளையும் அதே பக்கத்தில் அடுக்கிவிட்டார்கள். குழாய் வேலை குறையும் என்பது அவர்கள் கணக்கு. நான்குவழிச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. மலையில், வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் வண்டி இடப்பக்கம் சாய்ந்து, தொட்டியில் பாதியிருந்த தண்ணீர் ஒரு கணம் தாமதித்து வந்து பக்கச்சுவரில் மோதும். அந்த இரண்டாவது தள்ளலைத்தான் ஸ்டீயரிங்கில் உணர முடிந்தது. இறங்கியதும் எடைமேடைக்குப் போய் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தபோது 700 கிலோ வித்தியாசம் இருந்தது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. உள்வேலை முடிந்ததும், டீசல், தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், துணிமணி, ஆட்கள் எல்லோரோடும் வண்டியை எடைமேடைக்குக் கொண்டு போங்கள். முதலில் முழு வண்டி, பிறகு முன் அச்சு மட்டும், பிறகு பின் அச்சு மட்டும் என்று மூன்று சீட்டு வாங்குங்கள். மேடை தரையோடு சமமாக இருந்தால் ஓரமாக ஏற்றி இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் நிறுத்து நான்காவது சீட்டும் வாங்கலாம். எந்த அச்சின் எடையும் பதிவுச் சான்றிதழில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. இடமும் வலமும் முடிந்தவரை ஒத்துப்போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தளத்துக்குக் கீழே, உள்ளுக்குள் தடுப்புகளோடு இருக்க வேண்டும். ஒரே பெரிய தொட்டியைவிட இரண்டு சிறிய தொட்டிகள் மேல்.

நூறு கிலோ கூடினால் இறக்கத்தில் அரை யூனிட் வெப்பம் கூடும். தேக்குப் பலகை அலமாரியா ஒட்டுப்பலகை அலமாரியா என்று தச்சரோடு பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

ஓடும் வண்டியில் யாரும் படுக்கையில் படுத்திருக்கவோ, அடுப்பருகே நிற்கவோ கூடாது. எத்தனை பேர் பயணம் செய்கிறார்களோ அத்தனை இருக்கைகளும், பெல்ட்டோடு, தளத்தின் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியவையாக இருக்க வேண்டும். அலமாரிக் கதவுகளுக்குக் காந்தப் பூட்டு மலையில் பயன்படாது, கொக்கியே போடுங்கள்.

தண்ணீர், அடுப்பு, மின்சாரம், கழிவு

நான்கு பேர் சிக்கனமாகப் புழங்கினால் ஒரு நாளைக்கு 70 லிட்டர் போதும் என்பது என் நோட்டில் உள்ள கணக்கு. தொட்டியை அடிவாரத்தில் நிரப்பி மேலே சுமந்துகொண்டு போவதுதான் முறை. கோடையில் கொடைக்கானல் மக்களுக்கே தண்ணீர் எண்ணி வரும்போது, வந்தவர்கள் 300 லிட்டருக்குக் குழாய் தேடி அலைவது அழகல்ல. தங்க இடம் கொடுப்பவர் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவைக்க முயன்றால் எரிவாயுதான் தீரும். குக்கர் இல்லாமல் மலையேறாதீர்கள். மாவும் குளிரில் எளிதில் புளிக்காது. என் மனைவி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்: முன்பக்க இன்ஜின் கொண்ட வண்டியில் ஓட்டுநருக்கு அருகிலுள்ள இன்ஜின் மூடி, ஏறி வந்து நிறுத்திய பிறகும் வெகுநேரம் கதகதப்பாக இருக்கும், மாவுத் தூக்கைக் கம்பளியில் சுற்றி அதன்மேல் வைத்தால் மறுநாள் காலை இட்லிக்கு ஆகிவிடும். வண்டி ஓடும்போது மட்டும் அதை அங்கே வைக்கக் கூடாது.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டி வண்டியின் உட்புறத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், வெளியிலிருந்து திறக்கும்படி, அடித்தட்டில் துளையோடு இருக்க வேண்டும். ஓடும்போது சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும். குளிருக்கு என்று எதையும் உள்ளே எரிக்காதீர்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. பேருந்தோ அறையைவிடச் சிறியது. இரண்டு கம்பளியும் ஒரு வெந்நீர்ப் பையும் போதும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேருந்தின் மின்சுற்று பெரும்பாலும் 24 வோல்ட். வீட்டுப் பயன்பாட்டுக்கான பேட்டரியை அதிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவு விளக்கு எரித்ததன் பலன் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி. 200 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் லித்தியம் பேட்டரியில் இரண்டரை யூனிட் இருக்கும். விளக்கு, மின்விசிறி, கைப்பேசி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு அது இரண்டு நாள் வரும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் காலி. மூடுபனி நாளில் சூரியத் தகட்டை நம்ப முடியாது. ஓடும் இன்ஜினிலிருந்து 500 வாட் எடுக்கும் சார்ஜர் ஒன்றைப் பொருத்தினால், மலையேறும் மூன்று மணி நேரத்திலேயே ஒன்றரை யூனிட் சேர்ந்துவிடும். குளிர்பதனப் பெட்டியை மேலே அணைத்துவிடலாம். இயற்கையே அந்த வேலையைச் செய்கிறது.

கழிவறை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். மலையின் வடக்குச் சரிவில் சிந்துவது பழனியருகே வரதமாநதி அணைக்கும், தெற்கே தலையாறு வழியாக மஞ்சளாறு அணைக்கும் போகிறது. தென்னை நார்க்கழிவைத் தூவிப் பயன்படுத்தும் உலர் கழிவறை பேருந்துக்குப் பொருத்தமானது. தண்ணீர் வேண்டாம், வாடை வராது, சிறுநீரைத் தனிக்கலத்தில் பிரித்துவிட்டால் நான்கு பேருக்கு ஐந்தாறு நாள் தாங்கும். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் தனித்தொட்டி வேண்டும். இரண்டையும் மூடிய நிலையிலேயே கீழே கொண்டுவந்து, வீட்டுக் கழிவறைத் தொட்டியில் சேர்க்க வேண்டும். சாலையோர ஓடையில் வால்வைத் திறந்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

அனுமதியும் நாளும்

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும் என்ற நடைமுறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இருக்கிறது. வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்களைக் கைப்பேசியிலேயே பதிந்து வாங்கிவிடலாம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் எண்ணிக்கையையும் வரையறுத்தது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை வருகிறவர்கள் கடைசி நேரத்தில் பதியலாம் என்று இருக்கக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கையும், ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டில்களையும் அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். சோதனைச்சாவடியில் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார்கள், பிடிபடும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பசுமை வரி உண்டு.

என்னைக் கேட்டால் கேரவனுக்கு உகந்த காலம் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும், மரம் விழும். காரில் வந்தவர் திரும்பிப் போய்விடலாம், பேருந்தைத் திருப்ப இடம் கிடைக்காது. மே மாதம் நெரிசல். தைப்பூசத்தை ஒட்டி வருகிறவர்கள் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகும் சாலையைத் தவிர்க்க வேண்டும்; இரவெல்லாம் பாதயாத்திரை செல்லும் பக்தர்கள் சாலையோரத்தில் நடந்துகொண்டிருப்பார்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் திருச்சி வழியாகத் திண்டுக்கல் வரையுள்ள நானூறு சொச்சம் கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டி, அன்று மாலையே மலையேற நினைக்கக் கூடாது. வத்தலக்குண்டிலோ அதற்கு முன்போ ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டு இரவு தங்கிவிடுங்கள். டீசலை அங்கேயே நிரப்புங்கள். சமவெளியில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தரும் என் வண்டி ஏற்றத்தில் இரண்டரைதான் தருகிறது.

ஏறும் நாள்

விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். புறப்படுமுன், பிரேக்குக்கான காற்றைச் சேர்த்துவைக்கும் ஏர் டேங்க்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். ‘புஸ்’ என்ற சத்தத்தோடு எண்ணெய் கலந்த நீர் கொஞ்சம் வரும், அது நின்று வெறும் காற்று வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். கூலன்ட், ஃபேன் பெல்ட், டயர் காற்று, சக்கர நட்டுகள் இவற்றையும் பார்த்துவிடுங்கள். காமக்காபட்டி சோதனைச்சாவடியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும்.

ஏற்றத்தில் கியரை வண்டி திணறிய பிறகு மாற்றக் கூடாது. வளைவைக் கண்டதுமே, அதற்குள் நுழையுமுன், கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் கிளட்ச்சை மிதித்து அரைகுறையாக நிறுத்தினால் ஒன்பது டன் வண்டி பின்வாங்கத் தொடங்கும். வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, எதிரே பேருந்தோ லாரியோ வருகிறதென்றால் வளைவுக்குக் கீழேயே நின்று விட்டுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கே இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம்; ஆனால் சுற்றுலாக் கார்கள் எல்லாவற்றுக்கும் அது தெரிந்திருக்காது. பின்னால் ஐந்தாறு வண்டி சேர்ந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி அனுப்பிவிடுங்கள். அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு நேரக் கணக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

பின்னுக்கு எடுக்க நேர்ந்தால் ஒருவர் கட்டாயம் இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும். கண்டக்டர் விசில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு விசில் என்றால் வரலாம், ஒரு விசில் என்றால் நில். கைப்பேசியில் பேசிக்கொண்டு வழிகாட்டுவது வேண்டாம். சிக்னல் போகும் இடத்தில்தான் பள்ளமும் இருக்கும். “ஹோல்டான்” என்ற குரலுக்கு நம் ஊர் ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும் என்பதால் அதையும் பழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டம்டம் பாறையருகே தலையாறு அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளைக் கோடாக விழுவது தெரியும். எல்லோரும் நிற்கும் இடம் அது. பேருந்துக்கு இடமிருந்தால் நில்லுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுநர் தவிர மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஊத்து என்ற ஊர் வருவதற்குள் அலமாரியிலுள்ள சிப்ஸ் பொட்டலங்கள் தலையணைபோல் உப்பியிருக்கும். ஷாம்பு, எண்ணெய் பாட்டில்களைக் கிண்ணத்துக்குள் வைத்தே திறங்கள். காற்றழுத்தம் குறைந்துகொண்டே போய், கொடைக்கானலில் சமவெளியில் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்காகிவிடும் என்பதால் டர்போ இல்லாத பழைய இன்ஜின் மேலே போகப் போக மூச்சு வாங்கும், கரும்புகையும் தள்ளும். அதைப் பழுது என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். வெப்பமுள் சிவப்பைத் தொட்டால் மட்டும் நிறுத்துங்கள்.

மேலே தங்குதல்

பேருந்தை ஊருக்குள் கொண்டு போகாதீர்கள் என்பதே இந்தப் பகுதியில் நான் சொல்லும் முக்கியமான ஆலோசனை. பழனிச் சாலை வந்து சேரும் பெருமாள்மலை, கொடைக்கானலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னதாக இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டத்திலோ, பண்ணைக்காட்டுப் பக்கத்திலோ, முற்றம் அகலமாக உள்ள தோட்டவீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, வாடகை கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டு, பஸ்ஸிலும் ஜீப்பிலும் சுற்றுங்கள். ஏரிச்சாலையில் சனிக்கிழமை மாலை ஒன்பது மீட்டர் வண்டியோடு மாட்டிக்கொண்டவர் யாரும் ஏரியைப் பார்த்ததில்லை. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோவிலையும் படிப்படியான பூண்டு வயல்களையும், மன்னவனூரில் ஆட்டுப் பண்ணையையும் புல்வெளியையும் அரசுப் பேருந்திலேயே போய்ப் பார்க்கலாம். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்கும்போது இரண்டு கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பேருந்துக்குள் அதன் மணம் வெகுநாள் இருக்கும்.

வனத்துறை நிலத்தில், சாலையோரமே ஆனாலும், இரவு தங்கக் கூடாது. காட்டுமாடுகள் பெருமாள்மலையிலும் கொடைக்கானல் தெருக்களிலும் இருட்டியதும் நடமாடும். அமைதியாகத்தான் நிற்கும், ஆனால் டார்ச் அடித்துப் படமெடுக்கப் போகிறவரிடம் அந்த அமைதியை எதிர்பார்க்க முடியாது. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, கே.சி.பட்டி பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பகலில் குரங்குகள். ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனவர்களின் ரொட்டியும் வாழைப்பழமும் மட்டுமல்ல, மாத்திரைப் பையும் மரத்தின்மேல் போயிருக்கின்றன.

நிறுத்துமிடம் சமதளமாக இருப்பது தூக்கத்துக்கு நல்லது. கிடைக்காவிட்டால் தலைப்பக்கம் மேடாக வரும்படி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை போடுங்கள். கல்லை நம்ப வேண்டாம். ஈரமண்ணில் கல் அழுந்திவிடும்.

இறங்கும் நாள்

முதல் நாள் மாலையே தண்ணீர்த் தொட்டியை ஐம்பது லிட்டர் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். நல்ல தண்ணீர்தானே, தோட்டக்காரரின் செடிகளுக்குப் போகட்டும். காலையில் பனி விலகிய பிறகு, வெளிச்சத்தில் புறப்படுங்கள். இன்ஜினை ஓட விட்டு ஏர் பிரஷர் முழுமையாக ஏறியதும் அணைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். அது மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அன்று வண்டி நகரக் கூடாது.

எந்த வழியில் இறங்குவது என்றால், முதன்முறை வருகிறவர்கள் ஏறிய வத்தலக்குண்டுச் சாலையிலேயே இறங்க வேண்டும். பழனிச் சாலை 64 கிலோமீட்டர். போக்குவரத்து குறைவு, காட்சி அழகு, ஆனால் குறுகலானது. ஏறும்போது கண்ட வளைவுகளையும் ஒதுங்குமிடங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு இறங்குவதில் உள்ள நிம்மதி அழகைவிடப் பெரிது.

என் முதல் இறக்கத்தில் நான் செய்த தவறு சாதாரணமானது. வண்டி சீராக ஓடுகிறது என்ற நம்பிக்கையில் நான்காவது கியரில், பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் காய்ந்த ரப்பரும் கருகிய துணியும் சேர்ந்ததுபோல ஒரு வாடை வந்தது. முன்னால் போகும் லாரி என்று நினைத்தேன்; முன்னால் லாரி இல்லை. அடுத்த வளைவில் பிரேக் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிய பிறகுதான் பிடித்தது. ஒதுங்க இடம் கிடைத்து நிறுத்தி இறங்கியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பின்சக்கரத்தின் நடுவில் விழுந்த ஒவ்வொரு துளியும் சிறு ஆவியாக எழுந்தது. குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்த என் தம்பியை, அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“தண்ணிய ஊத்திராதீக தம்பி, டிரம்மு வெடிச்சுரும். கட்டையப் போட்டுட்டு அரைமணி நேரம் சும்மா நில்லுங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எந்த கியர்ல வந்தீக?” என்று கேட்டார். சொன்னேன். “பிரேக்கு வண்டிய நிப்பாட்டுறதுக்குத் தம்பி. பிடிச்சு வைக்கிறதுக்கு கியர்தான். எந்த கியர்ல ஏறுனீகளோ அதுலயே இறங்குங்க, வழுக்குனா இன்னொண்ணு கொறைங்க” என்றார்.

அன்று தொடங்கி நான் பின்பற்றும் முறையை அப்படியே எழுதுகிறேன். இறக்கம் தொடங்குமுன் இரண்டாவது கியரோ மூன்றாவது கியரோ போட்டுவிட வேண்டும். இறக்கத்தின் நடுவில் கீழ் கியர் தேடினால் விழாமல் நியூட்ரலில் நின்றுவிடும் அபாயம் உண்டு. இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதைப் போட்டே வைத்திருக்கலாம். வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 25 கிலோமீட்டர். முள் அதைத் தொட்டதும் பிரேக்கை உறுதியாக அழுத்தி 18க்குக் கொண்டுவந்து, காலை முழுமையாக எடுத்துவிட வேண்டும். மீண்டும் 25 வரும்வரை கால் பிரேக்கின் மேல் இருக்கவே கூடாது; அந்த இடைவெளியில்தான் டிரம் ஆறுகிறது. லேசாக மிதித்துக்கொண்டே வருவது, கேட்பதற்கு மென்மையாக இருந்தாலும், டிரம்மை ஓயாமல் தேய்த்துச் சூடாக்குவதாகும். மாறாக, அடிக்கடி படபடவென்று மிதித்து எடுத்தால் காற்று தீர்ந்துபோகும். எச்சரிக்கை மணி அடித்தால் உடனே ஒதுங்கி நின்று, இன்ஜினை ஓடவிட்டுப் பிரஷரை ஏற்றிக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கும் யோசனை சொல்கிற நண்பர் யாராவது வண்டியில் இருந்தால் அவரைப் பின் இருக்கைக்கு அனுப்பிவிடுங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, வாடை வந்தாலும் வராவிட்டாலும், நிறுத்துங்கள். தொடாமல் வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது; அதை நான்கு மூலையிலும் சக்கர நடுவில் காட்டி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒன்றுபோல் சூடாக இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள்; ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அதன் பிரேக் விடுபடாமல் பிடித்திருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை, மற்ற மூன்றும் அதன் சுமையையும் தாங்கி வருகின்றன. டிரம் கொதித்திருக்கும்போது பார்க்கிங் பிரேக்கை மட்டும் நம்பாமல், சமதளத்தில் நிறுத்திக் கட்டைகளால் தாங்க வையுங்கள்.

பிரேக் பிடிக்காமல் போகும் நிலை வந்தால், அது வரக் கூடாது, கீழ் கியர், பார்க்கிங் பிரேக், ஹாரன், முகப்பு விளக்கு, கடைசியாக மலைப்பக்கத்து வாய்க்கால் என்ற வரிசையை ஓட்டுநர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தகடு நசுங்கினால் தட்டி எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை வண்டியோடு வந்த என் தம்பி, ஒவ்வொரு வளைவிலும் மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எரிச்சலாக இருந்தாலும் நான் நிறுத்தச் சொல்லவில்லை.

காமக்காபட்டியைத் தாண்டிச் சமதளத்துக்கு வந்ததும் ஒரு மணி நேரம் நின்று சாப்பிடுங்கள். டிரம்கள் முழுவதும் ஆறிய பிறகுதான் பிரேக் செட்டிங்கைப் பார்க்க வேண்டும்; சூட்டோடு இறுக்கினால் ஆறியதும் பிடித்துக்கொள்ளும். லைனிங் தேய்ந்திருந்தால் வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ மாற்றிவிட்டே மேற்கொண்டு புறப்படுங்கள். டயர்களை மேலே குளிரில் பார்த்துக் காற்று கூட்டியிருந்தால் இங்கே மறுபடியும் அளந்து சரிசெய்யுங்கள். பிறகு நோட்டை எடுத்து, எந்த வளைவில் எந்த கியர், எங்கே ஒதுங்க இடம், எந்தச் சக்கரம் எத்தனை பாகை காட்டியது, தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று அன்றே எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் அருவி மட்டும்தான் நினைவில் இருக்கும்.